கல்வித் திட்டங்களை மதிப்பிடும் வேலை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அரசோ ஒரு தொண்டு நிறுவனமோ பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தால், அதனால் நிஜமாகவே ஏதாவது நடந்ததா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. கல்யாண வீட்டுப் பந்தியிலும், வட்டார வள மையத்து மர பெஞ்சிலும், கல்லூரிகளில் பேசப் போகும்போதும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் எழுதி விரல் தேய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நீங்க செய்யுறது இன்ஸ்பெக்ஷன் மாதிரி வேலையா மேடம்?

இல்லை. ஆனால் பள்ளிக்குள் நுழைந்தவுடன் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பதிவேடுகளை எடுத்து மேஜையில் அடுக்கிவிடுகிறார்கள். ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் அந்தப் பள்ளி சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறார். எனக்கு அந்தப் பள்ளியைப் பற்றிய தீர்ப்பு தேவையே இல்லை. 200 பள்ளிகளில் ஒரு திட்டம் நடக்கிறது, 200 பள்ளிகளில் நடக்கவில்லை என்றால், இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பிள்ளைகளின் படிப்பில் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. எந்தப் பள்ளியின் பெயரும் அறிக்கையில் வராது. இதைத் தலைமை ஆசிரியர் நம்புவதற்குள் இரண்டு டம்ளர் டீ ஆகிவிடும்.

கொள்கை ஆய்வாளர், திட்ட மதிப்பீட்டாளர் ரெண்டும் ஒண்ணுதானா?

ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி மாதிரி. கொள்கை ஆய்வு செய்பவர் பெரிய கேள்விகளை எடுத்துக்கொள்வார்: பள்ளிகளை இணைக்கலாமா, ஆசிரியர் பணியிடங்களை எப்படிப் பிரிப்பது, செலவு எங்கே போகிறது. அவருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் தரவு, அரசாணைகள், பட்ஜெட் ஆவணங்கள் போதும். மதிப்பீட்டாளர் குறிப்பிட்ட ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கென்றே புதிதாகத் தரவு சேகரிப்பார். நடைமுறையில் என்னைப் போல இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம்.

இதுக்கு என்ன படிக்கணும்? பி.எட். கட்டாயமா?

கட்டாயம் இல்லை. இருந்தால் நல்லது. எங்கள் குழுவில் பொருளாதாரம் படித்தவர்கள் அதிகம். புள்ளியியல், சமூகவியல், சமூகப்பணி, பொதுக் கொள்கை படித்தவர்களும் உண்டு. ஒருவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். கல்வியையே முதுகலையில் எடுத்துப் படிக்க டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. பொருளாதார வழியில் வர சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு அடையாறில் 1971-இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதுகலைக்கு முன்போ பின்போ ஓராண்டாவது ஒரு வகுப்பறையில் நின்று பாடம் எடுத்துவிட்டு வாருங்கள். நாற்பது பிள்ளைகளை மதியம் மூன்று மணிக்கு உட்கார வைத்துப் பார்த்தவர் எழுதும் கேள்வித்தாள் தனியாகத் தெரியும்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. எனக்கு வாய்ப்பு இருக்கா?

அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், மறைக்கவில்லை. ஆனால் அது இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும். தமிழ் தெரியாதவர் எத்தனை வருடம் இருந்தாலும் பிடிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது எனக்கே பாடமான கதை.

என் முதல் சர்வேயில், ஆங்கிலத்தில் தயாரான கேள்வித்தாளை ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கினோம். ‘பிள்ளை வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் படிக்கிறது?’ என்று ஒரு கேள்வி. கதைப் புத்தகம், செய்தித்தாள் ஏதாவது வாசிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. ஏறக்குறைய 600 வீடுகளில் கேட்டோம். கிட்டத்தட்ட எல்லாத் தாய்மார்களும் ‘தினமும்’ என்றார்கள். ஊரே வாசிப்பில் மூழ்கியிருக்கிறது என்று நான் குஷியாகிவிட்டேன். அப்புறம் ஒரு பாட்டியிடம் பேசும்போதுதான் புரிந்தது. நம் ஊரில் ‘படிக்கிறான்’ என்றால் பள்ளிக்கூடம் போகிறான், வீட்டுப்பாடம் எழுதுகிறான் எல்லாம் சேர்த்துத்தான். ‘எம்பேரன் டென்த்து படிக்கிறான்’ என்று சொல்லும் அதே படிப்பு. அந்தக் கேள்வியின் பதில்களை மொத்தமாகத் தூக்கிப் போட்டோம். கேள்வித்தாளைக் கையில் வாங்கியதுமே அந்தச் சொல்லில் தடுமாறி நிற்கும் ஆள்தான் எங்களுக்கு வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர் பெரும்பாலும் நிற்பார்.

எனக்குக் கணக்குன்னாலே பயம். புள்ளியியல் இல்லாம ஓட்ட முடியுமா?

முழுதாக ஓட்ட முடியாது. நேர்காணல், வகுப்பறைக் கவனிப்பு என்று பண்பு சார்ந்த ஆய்வில் நிபுணராகலாம், அதற்கும் நல்ல தேவை இருக்கிறது. ஆனால் பக்கத்து மேஜைக்காரர் எண்ணில் என்ன செய்கிறார் என்று புரிகிற அளவு வேண்டும். நீங்கள் பயப்படும் கணக்கு வேறு, இங்கே வேண்டிய கணக்கு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, எண் எப்படி ஏமாற்றும் என்ற சந்தேகப் புத்திதான் முக்கியம்.

ஒரு உதாரணம். 10 பள்ளிகளில் தலா 100 பேர், மொத்தம் 1000 பிள்ளைகளைச் சோதித்தேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், நான் உடனே அவரைத் தடுப்பேன். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள். அவர்களுடைய மதிப்பெண்கள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். மதிப்பெண் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளிக்குப் பள்ளி இருக்கும் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அந்த 1000 பேர் தரும் தகவல் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்த 50 பேர் தரும் தகவலுக்குக்கூடச் சமம் ஆகாது. அதே 1000 பேரை 100 பள்ளிகளில் தலா 10 பேராக எடுத்திருந்தால் 350 பேருக்குச் சமம். பஸ் செலவு கூடும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு புரிந்துவிட்டதென்றால் உங்களால் புள்ளியியல் முடியும். ஸ்டாட்டா, ஆர் போன்ற மென்பொருள்களை வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆர் இலவசம்தான், இன்றைக்கே இறக்கிப் பழகுங்கள்.

எங்கே வேலை கிடைக்கும்? டிஎன்பிஎஸ்சி மாதிரி ஏதாவது பரீட்சை இருக்கா?

இந்தப் பதவிக்கு என்று தனியாக ஒரு பரீட்சை இல்லை. அரசுப் பக்கம் வர விரும்பினால் டிஎன்பிஎஸ்சி வழியாக வரும் புள்ளியியல் சார்நிலைப் பணிகள் ஒரு வழி. மத்தியில் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி இன்னொரு வழி. மாநிலத் திட்டக்குழு, நிதி ஆயோக்கின் கீழ் இருக்கும் மதிப்பீட்டு அலுவலகம் போன்றவை அவ்வப்போது ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களுக்கு அரசு இயந்திரத்தை உள்ளிருந்து பார்க்க நல்ல வாய்ப்பு.

வெளியே என்றால் ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள். திட்டங்களைச் சோதித்து மதிப்பிடும் உலகளாவிய ஆய்வு அமைப்பான ஜே-பால், தெற்காசியாவில் சென்னையின் ஐஎஃப்எம்ஆர் என்ற ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இயங்குகிறது, அதனால் சென்னைக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு பழையது. பெரும்பாலானவர்கள் ரிசர்ச் அசோசியேட்டாகவோ கள ஒருங்கிணைப்பாளராகவோதான் தொடங்குகிறார்கள். நான் அதற்கும் கீழே, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளராக ஆரம்பித்தேன். வருத்தமில்லை.

சம்பளம் எப்படி மேடம்? வீட்டுல கேக்குறாங்க.

சின்னத் தனியார் பள்ளி ஆசிரியர் சம்பளத்தைவிட நன்றாக இருக்கும், ஐடி நண்பர்களோடு ஒப்பிட்டால் முகம் வாடும். சம்பளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒப்பந்தம். ஆய்வுக்குப் பணம் இருக்கும்வரை வேலை, முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். எனக்கு முதல் ஏழு வருடத்தில் ஐந்து ஒப்பந்தங்கள். வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது வங்கி மேலாளர் அந்த ஐந்தையும் சீட்டுக்கட்டு போல விரித்துப் பார்த்துவிட்டு, ‘நிரந்தர வேலை எதும் இல்லையாம்மா?’ என்று பரிதாபமாகக் கேட்டார்.

களத்துக்குப் போனா ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலை ஐந்தரை மணி பஸ். பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன் பள்ளியில் இருக்க வேண்டும். கையில் பள்ளிக் கல்வித்துறையின் அனுமதிக் கடிதம், முதன்மைக் கல்வி அலுவலரின் கடித நகல், பெற்றோர் சம்மதப் படிவங்கள், சார்ஜ் போட்ட டேப்லெட், சார்ஜ் தீர்ந்தால் எழுத அச்சுத் தாள். வருகைப் பதிவேட்டிலிருந்து எந்தெந்தப் பிள்ளைகள் என்பதைச் சென்னையிலேயே கணினி தேர்ந்தெடுத்திருக்கும். நான் மாற்றக்கூடாது, தலைமை ஆசிரியரும் மாற்றக்கூடாது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. எங்கள் பட்டியலில் இருந்த பெண் குழந்தையை விட்டுவிட்டு வேறு ஒருத்தியை முன்னால் தள்ளினார்கள். பட்டியலைக் காட்டி மாற்றினேன். வந்தவள் மூன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. பாடப் புத்தகத்தை விரித்து, கேட்காமலேயே கணீரென்று வாசித்தாள். வாய் ஐந்தாம் வரியில் இருந்தது, விரல் மூன்றாம் வரியில் இருந்தது. பக்கத்தைத் திருப்ப மறந்துபோய் அடுத்த பக்கத்தையும் சொல்லி முடித்தாள். எங்கள் தாளைக் கொடுத்தேன். ‘மழை நின்றது. குளத்தில் தவளை கத்தியது’ என்று தொடங்கும் நாலு வரி. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘படம் இல்லையே மிஸ்?’ என்றாள். சொற்களுக்கு வந்தோம், முடியவில்லை. எழுத்துகளுக்கு வந்தோம். ம சொன்னாள், த சொன்னாள், ழையில் நின்றுவிட்டாள். ‘எழுத்து நிலை’ என்று குறித்தேன்.

வாசலில் நின்றிருந்த தலைமை ஆசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. ‘நல்லாப் படிக்கிற புள்ள மேடம், உங்களைப் பார்த்து பயந்துட்டா’ என்றார். இதில் பாதி உண்மை இருக்கலாம், அதனால்தான் எங்களுக்கு விதிகள் இருக்கின்றன: தரையில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், முதலில் வேறு ஏதாவது பேச வேண்டும், இரண்டாவது வாய்ப்பு தர வேண்டும், தப்பு என்று முகத்தில்கூடக் காட்டக்கூடாது. அத்தனையும் செய்த பிறகும் எழுத்து நிலைதான். அன்றைக்கு இப்படிப் பன்னிரண்டு பிள்ளைகள். மாலையில் மேற்பார்வையாளர் அவர்களில் ஒன்றிரண்டு பேரைத் தற்செயலாகப் பொறுக்கி மறுபடி சோதிப்பார், என்னை நம்பாமல்.

எமிஸ்ல எல்லா மார்க்கும் இருக்கே, எதுக்குத் தனியா ஒரு டெஸ்ட்?

மேலே சொன்ன பெண்ணின் கதையைப் படித்தீர்கள்தானே, அதே பாடத்தை அவளிடம் பள்ளித் தேர்வில் கேட்டால் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாள். எமிஸ் என்பது பிள்ளைகளின் விவரங்களைப் பள்ளிக் கல்வித்துறை இணையத்தில் ஏற்றிவைக்கும் நிர்வாகப் பதிவு. எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி, வருகை, நலத்திட்டப் பொருள் கிடைத்ததா என்பதற்கெல்லாம் அருமையான தரவு. மதிப்பெண் விஷயத்தில், யார் பாடம் நடத்துகிறாரோ அவரே தேர்வு வைத்து, திருத்தி, பதிவும் செய்கிறார். குறைந்தால் அவரிடமே விளக்கமும் கேட்கிறார்கள். மனிதர் என்ன செய்வார்? மத்தியப் பிரதேசத்தில் அபிஜீத் சிங் என்ற பொருளியலாளர் அதிகாரபூர்வத் தேர்வில் வந்த விடைகளையும், அதே பிள்ளைகளைத் தனியாகச் சோதித்தபோது வந்த விடைகளையும் ஒப்பிட்டார். அதிகாரபூர்வ எண்கள் நிஜத்தைவிடப் பெரிதும் ஊதியிருந்தன. ஆசிரியரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு எண்ணின் மேல் தண்டனையைக் கட்டினால் அந்த எண் பொய் சொல்லத் தொடங்கும்.

ஒரு திட்டம் ‘வேலை செஞ்சுது’ன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

திட்டத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு, ஆகவே வெற்றி என்று சொல்வதுதான் ஊரில் வழக்கம். அது போதாது. திட்டமே இல்லாவிட்டாலும் பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்திருக்கும். காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. வருகை கூடியது என்று சொல்கிறார்கள். கூடியிருக்கும், சந்தேகமில்லை. பசித்த பிள்ளைக்கு உப்புமா கொடுக்க எனக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. ஆனால் அந்த வருடம் கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் பழைய ஓட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த வருடமும்கூட. கூடியதில் உணவின் பங்கு எவ்வளவு என்று சொல்ல, உணவு இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிய வேண்டும். அந்த ‘இல்லாமல் இருந்தால்’ என்பதை உருவாக்குவதில்தான் எங்கள் மொத்த வித்தையும் இருக்கிறது.

பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை மதிப்பிட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவிகளை மாணவர்களோடு ஒப்பிட்டார்கள். அந்த வித்தியாசத்தைச் சைக்கிள் கிடைக்காத பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு மறுபடி ஒப்பிட்டார்கள். மாணவிகளின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. அதற்கும் மேல், உயர்நிலைப் பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் தெரிந்தது. சைக்கிள்தான் காரணம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? இந்த மாதிரி ஒரு சாட்சி கிடைக்கும் நாளில்தான் தூக்கம் நன்றாக வரும். நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பில் சாதி, தூரம் பாராமல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சைக்கிள் போவதால் இப்படி ஒப்பிட ஆளே கிடைக்காது. பிள்ளைகளுக்கு நல்லது, எனக்குத்தான் தலைவலி.

இல்லம் தேடிக் கல்வியால பலன் இருந்துச்சா இல்லையா? நேராச் சொல்லுங்க.

இருந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரசு கொண்டுவந்த திட்டம் அது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை 2019-இலும், பள்ளிகள் திறந்தபின் 2021 டிசம்பரிலிருந்தும் வீடு தேடிப் போய்ச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. படிப்பில் ஏற்பட்ட இழப்பு மிகப் பெரிதாக இருந்தது, கணக்கில் 0.7, தமிழில் 0.34 எஸ்.டி. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் வேலை அது.

திட்டம் யாருக்கு என்று இங்கே குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும், ஒவ்வொருவரும் முன்பு எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து ஒப்பிட்டார்கள். 2019 தரவு கைவசம் இருந்தது அதிர்ஷ்டம். அது இல்லாமல் 2021-இல் ஆரம்பித்திருந்தால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரிந்திருக்காது.

அந்த எஸ்.டி.ன்னா என்ன? 0.2ன்னு போட்டா கொஞ்சமா, நிறையவா?

ஸ்டாண்டர்ட் டீவியேஷன், தமிழில் திட்ட விலக்கம்: மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு. 100 பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள். சரியாக நடுவில் ஒரு பிள்ளை. அவனுடைய படிப்பு 0.2 எஸ்.டி. உயர்ந்தால், அதே வரிசையில் 8 பேரைத் தாண்டி முன்னால் போவான். கொரோனா காலத்தில் கணக்கில் 0.7 இறங்கியது என்றால், அதே நடுப் பிள்ளை தனக்குக் கீழே 24 பேர் மட்டும் இருக்கும் இடத்துக்குச் சறுக்கினான் என்று பொருள்.

பள்ளித் திட்டங்களில் 0.2 என்பது நல்ல பலன், குறிப்பாகச் செலவு குறைவாக இருந்தால். அறிக்கையில் 1, 1.5 என்று பார்த்தால் கொண்டாடாதீர்கள், முதலில் எதைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சொல்லிக்கொடுத்த பத்து வார்த்தைகளையே கேட்டுச் சோதித்திருப்பார்கள்.

அசர் ஒண்ணு சொல்லுது, நாஸ் வேற சொல்லுது. எதை நம்புறது?

இரண்டையும், அதனதன் எல்லைக்குள். இரண்டுமே பிள்ளைகள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று நாடு முழுக்கப் பார்க்கும் சர்வேக்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் எடுக்கும் அசர் கிராமங்களில் மட்டும், வீட்டுக்கு வந்து, ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளையும் அதில் உண்டு. மத்திய அரசின் நாஸ் பள்ளிக்குள் ஒரே நாளில் நடக்கும் எழுத்துத் தேர்வு, நகரமும் உண்டு. 2021-இல் 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு நடந்தது. 2024-இல் பராக் என்ற பெயரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. எழுத்துத் தேர்வில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், குருட்டாம்போக்கில் கால்வாசி சரியாகிவிடும். வாய்விட்டு வாசிப்பதில் அந்த வசதி இல்லை.

2022 அசரில் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று வந்தபோது பெரிய சத்தம். மாநிலத்தை மாநிலத்தோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. ‘வந்துட்டான்’ என்று சொல்லும் பிள்ளை ‘வந்துவிட்டான்’ என்று வாசிக்க வேண்டும். ஆனால் அதே தமிழ்நாடு 2018-இல் எங்கே இருந்தது, 2022-இல் எங்கே வந்தது என்ற ஒப்பீட்டை இந்தச் சாக்கைச் சொல்லித் தள்ள முடியாது. இறங்கித்தான் இருந்தது.

சில பள்ளிக்குக் குடுத்து, சில பள்ளிக்குக் குடுக்காம குலுக்கல் போடுறது பாவம் இல்லையா?

என் மாமியார் கேட்ட கேள்வி. பணம் எல்லாருக்கும் போதும் என்றால், பலனும் நிச்சயம் என்றால், குலுக்கல் போடுவது பாவம்தான். போடவும் கூடாது. காலை உணவுக்குக் குலுக்கல் போடச் சொன்னால் நான் அந்த வேலையை எடுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் பணம் பாதிப் பள்ளிகளுக்குத்தான் இருக்கும். குலுக்கல் இல்லாவிட்டால் அந்தப் பாதி எது என்பதை யாருக்கு யாரைத் தெரியும் என்பது முடிவு செய்யும். அதைவிடச் சீட்டுக் குலுக்குவது நியாயம்.

இன்னொரு வழி, எல்லாருக்கும் உண்டு, ஆனால் முன்பின்னாக. மெக்சிகோவில் 1990-களின் கடைசியில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் தாய்க்குப் பணம் தரும் திட்டத்தை 506 கிராமங்களில் இப்படித்தான் சோதித்தார்கள். 320-க்கு முதலில், 186-க்குப் பிறகு. எப்படியானாலும் பெற்றோர் சம்மதம், நெறிமுறைக் குழுவின் அனுமதி இரண்டும் வேண்டும். குழந்தை ‘வேணாம்’ என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், தாய் கையெழுத்துப் போட்டிருந்தாலும்.

ஒரு ஊர்ல பலன் குடுத்தது எல்லா ஊர்லயும் குடுக்குமா?

இந்த வேலையில் எனக்குப் பயமான கேள்வி இதுதான். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகப் போட்டால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று முதலில் ஒரு ஆய்வு காட்டியது. நாடு முழுக்கச் செய்யும் முன் மறுபடி சோதித்தார்கள். சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் நடத்தியது, சில பள்ளிகளில் அரசே நடத்தியது. ஆசிரியர் நியமனம் ஒரே மாதிரிதான். தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் பலன் வந்தது, அரசு நடத்திய இடத்தில் ஒன்றும் இல்லை.

அதே கென்யாவில் பாடப் புத்தகம் கொடுத்துப் பார்த்த கதையும் உண்டு. சராசரி மதிப்பெண் அசையவில்லை, முன்னணிப் பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஆகவே ‘புத்தகம் கொடுப்பது பலன் தராது’ என்று யாராவது இதை மேற்கோள் காட்டினால், தமிழில் அச்சிட்ட புத்தகத்துக்கு அது பொருந்துமா என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

‘பலன் இல்லை’ன்னு முடிவு வந்தா காசு குடுத்தவங்க சும்மா விடுவாங்களா?

ஒருமுறை ஒரு நிறுவனம் எங்கள் வரைவைப் படித்துவிட்டு, ‘பலன் இல்லை’ என்பதை ‘நம்பிக்கையூட்டும் ஆரம்ப அறிகுறிகள்’ என்று மாற்றச் சொன்னது. பெயர் சொல்ல மாட்டேன். மறுத்தோம். அடுத்த வேலை அவர்களிடமிருந்து வரவில்லை. அப்போதிலிருந்து ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டுக்கொள்கிறேன்: முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆய்வுக்கு முன்பே எதை அளக்கப்போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் பதிந்துவிடுவதும் உதவும். பிறகு யாரும் வேறு எண்ணைத் தேடிப் பிடித்து வெற்றி என்று சொல்ல முடியாது.

சரி, அரசு இதையெல்லாம் கேக்குமா?

சில நேரம். மத்தியப் பிரதேசத்தில் ‘ஷாலா சித்தி’ என்று பள்ளிகளைத் தர மதிப்பீடு செய்து, மேம்பாட்டுத் திட்டம் எழுதச் சொல்லும் முயற்சி. மதிப்பீடு நடந்தது, திட்ட அறிக்கைகள் எழுதப்பட்டன, கோப்புகள் நிரம்பின. வகுப்பறையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் மாற்றமே இல்லை என்று முரளிதரனும் சிங்கும் காட்டினார்கள். ஆனால் காகிதத்தில் எல்லாம் நடந்திருந்ததால் அது வெற்றித் திட்டமாகக் கருதப்பட்டு நாடு முழுக்கப் பரவியது.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். நம் மாநிலத்தில் ஒரு அதிகாரி, 40 பக்க அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ‘ஆசிரியர் பயிற்சியில் எந்த நாளை நிறுத்தலாம், அதை மட்டும் சொல்லுங்க’ என்றார். மூன்றாம் நாள் என்றோம், தரவைக் காட்டினோம். அடுத்த பயிற்சியிலேயே எடுத்துவிட்டார். அறிக்கையின் மற்றப் பக்கங்களை அவர் படித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் இடைநிலை ஆசிரியர். எமிஸ் போதாதுன்னு நீங்களும் வந்து எங்க நேரத்தைத் தின்னுறீங்க. இது நியாயமா?

நியாயமான கோபம். எங்கள் ஒரு சர்வேயால் உங்களுக்கு அரை நாள் போகிறது. பாடவேளையில் ஆசிரியரிடம் கேள்வி கேட்கக்கூடாது, பதிவேட்டிலிருந்து எடுக்க முடிவதை வாய்மொழியாகக் கேட்கக்கூடாது என்று குழுவுக்கு விதி வைத்திருக்கிறேன். எல்லாக் குழுக்களும் வைத்திருப்பதில்லை. முடிந்த ஆய்வின் முடிவை அந்தப் பள்ளிக்கே போய்ச் சொல்வதும் அரிது. நானே மூன்று முறைதான் செய்திருக்கிறேன், பணம் அதற்கு ஒதுக்கப்படுவதில்லை என்பது காரணம், சாக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பெண்கள் தனியா கிராமம் கிராமமாப் போறது சிரமம் இல்லையா?

சிரமம்தான், முக்கியமாகக் கழிப்பறை. இரண்டிரண்டு பேராக அனுப்புவோம், இருட்டும் முன் திரும்ப வேண்டும். மற்றபடி, வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச அம்மாக்கள் எங்களைத்தான் விரும்புகிறார்கள், அதனால் பெண் கணக்கெடுப்பாளர்களுக்குத் தேவை அதிகம்.

எல்லாரையும் மதிப்பிடுறீங்களே, உங்களை யார் மதிப்பிடுறது?

கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர், கைதட்டல் வாங்கினார். பதில்: எங்கள் தரவும், அதை அலசிய கணினி வரிகளும் வெளியே இருந்தால் யாரும் மதிப்பிடலாம். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த புகழ்பெற்ற ஆய்வின் தரவை 2015-இல் வேறு குழுவினர் மறுபடி அலசி, சில பிழைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பெரிய சண்டை நடந்தது. ஆனால் தரவைத் தந்தவர்கள் மூல ஆய்வாளர்களேதான், அதை மறக்கக்கூடாது.

என் கதை இதைவிடச் சின்னது. பிள்ளை அன்று வரவில்லை என்றால் மதிப்பெண் கட்டத்தில் 99 என்று போடுவது எங்கள் பழைய வழக்கம். ஒரு ஆய்வில் அந்த 99-ஐ நீக்க மறந்து சராசரி எடுத்துவிட்டேன். வராத பிள்ளைகள் எல்லாரும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியதாக ஆகி, வராதவர்கள் அதிகம் இருந்த, திட்டம் நடந்த பள்ளிகள் ஜொலித்தன. அறிக்கை அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன், சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண் என் மேஜைக்கு வந்து, ‘அக்கா, லீவு போட்ட பிள்ளைங்கதான் நல்லாப் படிக்குதுங்களா?’ என்று கேட்டாள். இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறாள், என்னைவிட மேல் பதவி. எங்கள் அறிக்கைகளை அச்சுக்கு முன் அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.